ஏர் ஸ்குரூ கற்றுத் தந்த பாடம்



1988. அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம். என் பழைய புல்லட் கறுப்புப் புகை தள்ளியது. பிளக் முழுக்கக் கரி. பெட்ரோல் மிகுதி என்று நினைத்து, கார்புரேட்டரின் ஏர் ஸ்குரூவை நானே வெளியே திருகினேன். புகை நிற்கவில்லை; ஐடிலிங்கில் வண்டி அணைந்ததுதான் மிச்சம்.

1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபின் சென்னைத் திருவொற்றியூரில் உருவான வண்டி புல்லட். முதலில் ஆங்கிலேய அமல் கார்புரேட்டர், பின்னாளில் மிக்கார்ப். இரண்டிலும் ஏர் ஸ்குரூவின் ஆட்சி ஐடிலிங்கோடு சரி. பாதி த்ராட்டிலுக்கு ஊசி, முழு த்ராட்டிலுக்கு மெயின் ஜெட்.

அரியலூர் மெக்கானிக் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி கொட்டியது. காற்று அடைபட்டால் பெட்ரோல் மிகும்தானே! புது ஃபில்டர் போட்டு, இன்ஜின் சூடான பிறகே ஸ்குரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்தார். பிளக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தது.

2020-இல் புல்லட் 350-க்கும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்துதான், விடை தப்பிய பிள்ளையை அதட்டும் முன் எந்த வரியில் தப்பியது என்று பார்க்கத் தொடங்கினேன். அதற்கு முன் என்னிடம் அடி வாங்கியவர்கள் மன்னியுங்கள்.