பாரம் சுமந்த பற்சில்லுகள்

மலைப்பாதையில் பெரும் பாரத்துடன் ஏறும் லொறியைக் காண்போர் அதன் எந்திரத்தின் வலிமையையே வியப்பர். ஆயின், எந்திரம் தனித்து நின்று பாரத்தை இழுப்பதில்லை. அதன் சுழற்சியைச் சில்லுவரை கொண்டுசெல்லும் கியர்ப்பெட்டியும் பின்னச்சும் ஒருமித்து உழைத்தாலன்றி லொறி ஓர் அடியும் நகராது. இவ்விரண்டும் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட வரலாறு அறியத்தக்கது.

நீராவி எந்திரம் நின்ற நிலையிலிருந்தே வலிந்து இழுக்க வல்லது. எண்ணெயால் இயங்கும் எந்திரமோ விரைந்து சுழலும்போதுதான் வலிமை பெறும். எனவே அதன் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குதல் வேண்டும். கியர்ப்பெட்டி எட்டு மடங்கும் பின்னச்சு ஆறு மடங்கும் பெருக்குமாயின், உராய்வால் இழப்பதை நீக்கிப் பார்த்தால், சில்லில் கிடைப்பது 48 மடங்கு விசையாகும். ஆனால் எந்திரம் 48 முறை சுழன்றால்தான் சில்லு ஒருமுறை சுழலும். வேகத்தை விலையாகக் கொடுத்தே விசையை வாங்குகிறோம். இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை.

1896ஆம் ஆண்டில் ஜேர்மனியில் கொட்லீப் டைம்லர் தமது முதலாவது பார மோட்டார் வண்டியை அமைத்தார். நான்கு குதிரை வலுவுடைய அதன் எந்திரம் 1,500 கிலோகிராம் பாரத்தை இழுக்க வேண்டியிருந்தது. வார்களின் மூலம் ஒரு குறுக்குத்தண்டு சுழன்றது. அத்தண்டின் இரு முனைகளிலும் இருந்த சிறு பற்சில்லுகள், பின்சில்லுகளுடன் பிணைக்கப்பட்ட பெரிய பல்வளையங்களைச் சுழற்றின. இறுதிப் பெருக்கம் சில்லின் அருகிலேயே நிகழ்ந்தது என்பதே இங்கு நினைவிற் கொள்ளவேண்டியது.

இதற்கிடையே பிரான்சில் எமில் லெவசோர் 1891இல் வழுக்கிப் பொருந்தும் பற்சில்லுகளைக் கொண்ட கியர் அமைப்பைக் கையாண்டார். லூயி ரெனோ 1898இல் உருவாக்கிய சிறு காரில் சுழல்தண்டு நேரே பின்னச்சைச் சென்றடைந்தது. இலகுவான கார்களுக்கு அது பொருத்தமாயிற்று. பார லொறிகளுக்கோ அக்காலத்து அச்சுப் பற்சில்லுகளின் உறுதி போதவில்லை. ஆதலால் அவை நெடுங்காலம் சங்கிலிகளையே நம்பியிருந்தன.

அந்நம்பிக்கை 1916இல் வெர்டன் போர்க்களத்தில் சோதிக்கப்பட்டது. முக்கிய இருப்புப்பாதைகள் துண்டிக்கப்பட்டும் பீரங்கிகளுக்கு இலக்காகியும் பயனற்றுப்போகவே, பார்-லெ-டுக் நகரிலிருந்து சென்ற ஒரு வீதியே பிரெஞ்சுப் படையின் உயிர்நாடியாயிற்று. இரவு பகலாக லொறிகள் அணிவகுத்தன. போக்குவரத்து மிகுந்த வேளைகளில் ஏறத்தாழ 14 வினாடிக்கு ஒன்று கடந்தது. அவற்றுட் பல, சங்கிலியால் இயங்கிய பேர்லியே லொறிகள். அவற்றின் பின்னச்சு பாரத்தைத் தாங்கியதேயன்றிச் சுழலவில்லை. சில்லைச் சுழற்றும் தொழில் சங்கிலிக்கு உரியதாயிருந்தது. ஒரு லொறி பழுதுற்று நின்றால் வீதியே அடைபடும்; ஆதலால் அதனை ஓரத்திலே தள்ளிவிட்டு ஏனையவை முன்சென்றன.

சேறும் புழுதியும் சங்கிலிகளை விரைவில் தேய்த்தன. உருக்கும் பல்வெட்டும் கலையும் மேம்பட, மூடிய அச்சுக்குள் அமைந்த பற்சில்லுகள் சங்கிலியின் இடத்தைப் பெற்றன. எனினும் டைம்லரின் பழைய எண்ணம் மறையவில்லை. இன்றைய கடும்பார லொறிகள் பலவற்றில் அச்சின் நடுவே ஒன்றரை மடங்கும் சில்லின் குடத்துள் நான்கு மடங்குமாக அந்த ஆறு மடங்கு பிரிக்கப்படுவதுண்டு. இதனால் இடையிலுள்ள அச்சுத்தண்டுகள், சில்லைச் சென்றடையும் முறுக்குவிசையில் நாலிலொரு பங்கைத் தாங்கினாற் போதும். முறியும் அபாயமும் குறைகிறது.

ஏற்றத்தில் உதவும் இவ்வமைப்பு இறக்கத்தில் உயிரைக் காக்கிறது. தாழ்ந்த கியரில் இறங்கும்போது சில்லுகள் எந்திரத்தைச் சுழற்ற, எந்திரத்தின் எதிர்ப்பும் அவ்வாறே பெருகிச் சில்லைத் தடுக்கிறது. கியரைப் புறக்கணித்துப் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குக என்று பழைய சாரதிகள் கூறிய விதியின் பொருள் இதுவே.