சாம்பல் பூத்த வீடியோ 'சினிமா லுக்' ஆவது எப்படி? கல்யாண வீடியோவில் 'லாக்', 'கலர் கிரேடிங்': முழு விளக்கம்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் கல்யாண வீடியோ ஆர்டர் பேசும்போது தவறாமல் வரும் கேள்வி, "சினிமா மாதிரி வருமா?" என்பதுதான். "லாக்-ல எடுக்குறோம், சூப்பரா வரும்" என்கிறார் கேமராமேன். முகூர்த்தம் முடிந்த கையோடு கேமராவில் எட்டிப் பார்க்கும் வீட்டாருக்கோ அதிர்ச்சி. அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை மங்கிக் கிடக்கிறது, வெள்ளை வேட்டி சாம்பலாக இருக்கிறது. "என்னப்பா, எல்லாம் வெளுத்துப் போச்சே?"

வெளுத்துப் போகவில்லை. வண்ணம் உள்ளேதான் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் வேலைதான் கலர் கிரேடிங். தாலி கட்டும் நொடிக்கு ரீடேக் கிடையாது என்பதால், இந்த வேலையில் எது திருத்த முடிந்த தவறு, எது முடியாத தவறு என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

லாக் என்றால் என்ன?

சாதாரண வீடியோவில் கான்ட்ராஸ்ட், நிற அடர்த்தி எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்து, டிவிக்கான 'ரெக்.709' என்ற அளவுக்குள் சுருக்கிக் கொடுத்துவிடும். மண்டப வாசலில் வெயில், உள்ளே நிழல் என்றால் இரண்டில் ஒன்று பலி. ஒன்று வாசல் வெள்ளையாகிவிடும், இல்லையென்றால் உள்ளே இருப்பவர்கள் கருப்பாகிவிடுவார்கள்.

லாக் என்பது லாகரிதம் என்பதன் சுருக்கம். வெளிச்சம் இரண்டு மடங்காவதை ஒரு 'ஸ்டாப்' என்பார்கள். 10 பிட் வீடியோவில் ஒவ்வொரு அடிப்படை வண்ணத்துக்கும் 1,024 படிகள் உண்டு. வெளிச்சத்தை உள்ளபடியே பதிந்தால், மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்பே 512 படிகளைச் சாப்பிட்டுவிடும். அடுத்த ஸ்டாப்புக்கு 256, அதற்கடுத்ததற்கு 128. கடைசியில் நிழலுக்கு ஒன்றிரண்டு படிகளே மிஞ்சும். முதல் இலைக்கே பாதிச் சாப்பாட்டையும் வைத்துவிட்டால் கடைசி இலைக்கு என்ன இருக்கும்? லாக் அந்தப் பந்தியைக் கிட்டத்தட்ட சமமாகப் பரிமாறுகிறது.

அதன் விலைதான் அந்தச் சாம்பல் தோற்றம். சோனியின் எஸ்-லாக்3 முறையில் ஒரு வெள்ளைத் தாள் சுமார் 61 சதவீத பிரகாசத்தில்தான் பதிவாகும். வேட்டி சாம்பலாகத் தெரிவது அதனால்தான்.

எங்கிருந்து வந்தது?

பிலிம் காலத்தில் சாலிகிராமம் பிரசாத் லேப் போன்ற இடங்களில் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தின் அளவைப் புள்ளிக் கணக்கில் கூட்டிக் குறைத்து வண்ணம் திருத்துவார்கள். 1990-களில் கோடாக் நிறுவனத்தின் 'சினியான்' முறை, பிலிம் நெகட்டிவை ஸ்கேன் செய்து 10 பிட் லாக் கோப்பாகச் சேமித்தது. இன்றைய லாக் முறைகளுக்கு அதுவே மூதாதை. 2000-ல் வெளியான 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்ற ஹாலிவுட் படம் முழுவதும் கம்ப்யூட்டரில் வண்ணம் திருத்தப்பட்டு புதிய பாதையைக் காட்டியது. தமிழ் சினிமாவில் 'டிஐ' என்று டைட்டில் கார்டில் வருவது இந்த வேலையைத்தான்.

2010-ல் வந்த ஆரி அலெக்சா டிஜிட்டல் கேமரா 'லாக் சி' முறையைக் கொண்டுவந்தது. 2023-ல் ஐபோன் 15 ப்ரோவிலேயே 'ஆப்பிள் லாக்' வந்துவிட்டது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஈவிபி பிலிம் சிட்டியில் எடுக்கப்படும் படமானாலும், பக்கத்துத் தெரு மண்டபத்தில் எடுக்கப்படும் கல்யாணமானாலும் அடிப்படை இப்போது ஒன்றுதான்.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

* 8 பிட் வேண்டாம்: அதில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். லாக் வீடியோவை இழுத்து விரிக்கும்போது வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 10 பிட் இருந்தால் மட்டுமே லாக்.

* ஐஎஸ்ஓ: பல சோனி மாடல்களில் எஸ்-லாக்3 வைத்தால் வழக்கமான ஐஎஸ்ஓ 640 அல்லது 800-ல்தான் தொடங்கும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வைத்து பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பகல் வெயிலில் எடுக்க வேண்டுமென்றால் என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது.

* ஜீப்ரா: எஸ்-லாக்3-ல் ஏறக்குறைய 94 சதவீதத்திலேயே வெண்மை வெட்டுப்பட்டுவிடும். ஜீப்ரா எச்சரிக்கையை 100-ல் வைத்தால் அது வரவே வராது.

* மேடை விளக்கு: ஊதா, நீல எல்இடி நேராக முகத்தில் விழுந்தால் நீலம் மட்டும் நிரம்பி வழியும். அங்கே முகத்தின் நுணுக்கம் பதிவாகவே இல்லை. எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. விளக்குப் போடுபவரிடம் முகூர்த்தத்துக்கு முன்பே பேசுவதுதான் தீர்வு.

கிரேடிங்: முதலில் திருத்தம், பிறகு லுக்

டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பிலேயே 4கே அல்ட்ரா எச்டி வரை செய்யலாம். வரிசை மாறக்கூடாது.

1. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் சரிசெய்வது. எல்லா ஷாட்டும் ஒரே நேரத்தில் எடுத்தது போல இருக்க வேண்டும்.

2. 'கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்' மூலம் லாக்கை ரெக்.709-க்கு மாற்றுவது. கேமரா எஸ்-லாக்3 என்றால் இங்கேயும் அதையே சொல்ல வேண்டும்.

3. கடைசியில்தான் லுக்.

பலர் தடுமாறுவது 'லட்' கோப்பில். லட் என்பது 'இந்த வண்ணம் வந்தால் அந்த வண்ணமாக மாற்று' என்ற பட்டியல். அவ்வளவுதான். பானாசோனிக் வி-லாக்குக்காகச் செய்த லட்டை சோனி வீடியோவில் போட்டால் கணக்கு தப்பும். ரிசால்வ் உடன் வரும் 'கோடாக் 2383' பிலிம் லட், சினியான் லாக்கை எதிர்பார்ப்பது. அதற்கு முந்தைய கட்டத்தில் சினியானுக்கு மாற்றாமல் ரெக்.709 வீடியோ மேல் நேராகப் போட்டால், நிழல் எல்லாம் தார் ஊற்றியது போல ஆகிவிடும்.

முகம்தான் பரீட்சை

வெக்டர்ஸ்கோப் என்ற வரைபடத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 'ஸ்கின் டோன்' கோடு ஒன்று உண்டு. கருப்போ, மாநிறமோ, வெள்ளையோ, இயல்பான வெளிச்சத்தில் மனிதத் தோல் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். ஆளுக்கு ஆள் முக்கியமாக மாறுவது பிரகாசம்.

சிக்கல் இங்கேதான். முகத்தை 70 சதவீத பிரகாசத்தில் வை என்ற பழைய சூத்திரம் வெளிர் நிற முகங்களை மனதில் வைத்து வந்தது. நம் ஊர் முகங்கள் பலவும் அதற்குக் கீழே நிற்பதுதான் இயல்பு. "பொண்ணைக் கொஞ்சம் வெள்ளையா காட்டுங்க" என்று கேட்பதற்காக முகத்தை ஏற்றினால் தோல் சாம்பல் பூசியது போலாகும், ஜரிகை மின்னுவது போய் வெறும் வெள்ளைப் பட்டையாகும். முப்பது வருஷம் கழித்து அந்த வீடியோவைப் பார்க்கப்போகும் பிள்ளைகள் தங்கள் அம்மாவின் நிறத்தைப் பார்க்க வேண்டும், லட் போட்டவரின் ரசனையை அல்ல.

இன்னொரு கண்ணி, நலங்கு. மஞ்சள் பூசிய முகம் அந்தக் கோட்டைத் தாண்டி மஞ்சள் பக்கம் போவதுதான் சரி. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைத் தவறு என்று நினைத்துத் திருத்திவிடும். அங்கே வரைபடத்தை விட்டுவிட்டுக் கண்ணை நம்ப வேண்டும்.

'சினிமா லுக்' எதில் இருக்கிறது?

டீல்-ஆரஞ்சு நிறத்தில் இல்லை. வெளிச்சம் அதிகமான இடம் சட்டென்று வெட்டுப்படாமல் மெதுவாக வெண்மைக்குள் கரைவது, நிழலில் கருமை இருந்தும் நுணுக்கம் தெரிவது, ஷாட்டுக்கு ஷாட் தோல் நிறம் மாறாமல் இருப்பது, இந்த மூன்றும்தான் பிலிமை நினைவுபடுத்துபவை. கிரெய்ன் போன்றவை அதற்கு மேல் தூவும் மல்லித்தழை.

எப்போது லாக் தேவையில்லை?

அன்றே எடிட் செய்து மாலை ரிசப்ஷனில் போட வேண்டிய வீடியோ, நேரலை, 8 பிட் கேமரா, கிரேடிங் செய்ய நேரமோ ஆளோ இல்லாத ஆர்டர். இவற்றுக்குச் சாதாரண மோடில் ஒழுங்கான எக்ஸ்போஷரே போதும். அரைகுறையாக கிரேட் செய்த லாக்கை விட அது நன்றாகவே இருக்கும்.

ஆர்டர் கொடுக்கும் குடும்பங்கள் ஒன்று செய்யலாம். ட்ரெய்லரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், முன்பு எடுத்த ஒரு முழுக் கல்யாண வீடியோவைக் கேட்டுப் பாருங்கள். காலை ஹோமப் புகையிலும், மதியப் பந்தியிலும், இரவு மேடை விளக்கிலும் ஒரே மணப்பெண் ஒரே ஆளாகத் தெரிகிறாரா என்று கவனியுங்கள். தெரிந்தால், அவருக்கு கிரேடிங் தெரியும்.