ஔவை என்னும் பெயர்

தமிழ்ப் பெண்பாற் பெயர்களுள் பெரும் பேற்றையும் பேரிழப்பையும் ஒருங்கே தாங்கி நிற்பது ‘ஔவை’ என்னும் பெயர். கவிஞர்கள் கூடும் அவைகளில் அப்பெயர் ஒலிக்காத நாள் அரிது. ஆயினும் அது யாருடைய பெயர் என நாம் நின்று வினவியதில்லை.

‘அவ்வை’ என்றும் ‘ஔவை’ என்றும் இருவகையாக எழுதினும் சொல் ஒன்றே. அகரமும் வகர மெய்யும் இணைந்து ஔகாரம்போல் ஒலிப்பதை இலக்கணம் போலியென உடன்படும். உயர்வு குறித்த ‘ஆர்’ விகுதி சேர, ‘ஔவையார்’ ஆயிற்று. தாய், முதியவள், தவப்பெண் என அகராதிகள் பொருள் தரும். கன்னடத்தில் ‘அவ்வ’ தாயைக் குறிக்கும். தெலுங்கில் பாட்டியைக் குறிக்கும். ஆக, இஃது அடிப்படையில் ஓர் உறவுமுறைச் சொல்.

சங்கத் தொகைகளில் ஔவையார் பெயரால் 59 பாடல்கள் உள்ளன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. அப்பாடல்களில் மூதாட்டியின் தள்ளாமையைக் காண்பது அரிது. குறுந்தொகையில் காமநோய் தாளாது, உறங்கும் ஊரின்மேல் சினந்தெழும் பெண்ணின் குரல் கேட்கிறது. புறப்பாடல் ஒன்றில் பகைவேந்தன், மைதீட்டிய விழியும் ஒளிமிக்க நெற்றியும் உடைய விறலியாக அவரை விளித்து வினவுகிறான். முதுமை பாடல்களிலிருந்து வந்ததன்று. பெயரின் பொருளிலிருந்து வந்தது எனக் கருத இடமுண்டு.

பெயர் சுமத்திய முதுமைக்குப் பிற்காலத்தார் காரணமும் கற்பித்தனர். மணவாழ்வை விரும்பாத இளநங்கை விநாயகரை வேண்டி மூதாட்டியானாள் என்னும் கதை அவ்வாறு எழுந்ததாகலாம். கே. பி. சுந்தராம்பாள் நடித்து 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படம் அக்கதையைத் தமிழகமெங்கும் நிலைநிறுத்தியது. கோலூன்றிய உருவமே இன்று நம் மனக்கண்ணில் நிற்கிறது.

பெயர் இளமையை மட்டும் மறைக்கவில்லை. வேறு பெண்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும், ஆத்திசூடி பாடியவரும், விநாயகர் அகவல் பாடியவரும் ஒருவரல்லர் என்பது அவற்றின் மொழிநடையாலேயே விளங்கும். ஔவையார் குறைந்தது மூவர் என்பர் ஆய்வாளர். அதனினும் மிகுதியாகக் கொள்வாரும் உளர். மக்கள் வழக்கிலோ பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒரே பாட்டியாயினர் அனைவரும்.

பிற பெண்பாற் புலவரோடு ஒப்பிட்டால் இவ்விழப்பு தெளிவாகும். ‘காரைக்கால் அம்மையார்’ என்னும் சிறப்புப் பெயருக்குப் பின்னே புனிதவதி என்னும் இயற்பெயர் நிற்கிறது. ‘ஆண்டாள்’ எனப் போற்றினும் ‘கோதை’ மறையவில்லை. ஔவைக்கோ பின்னே வேறு பெயரில்லை. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் உள்ளது. புரவலன் பெயரைக் கல் காத்தது. அவன் புகழைக் காத்தவளுக்கோ உறவுச் சொல்லே எஞ்சியது.

எனினும் பிறிதொரு வகையாகவும் எண்ணலாம். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடுவது நம் மரபு. ‘பெயர்த்தி’ என்னும் சொல்லே அதற்குச் சான்று. சங்க ஔவை, பாட்டியின் பெயரைத் தாங்கிய இளம்பெண்ணாக இருந்திருத்தலும் கூடும். பின்வந்த பெண்பாற் புலவரும் முன்னோர் பெயரை விரும்பி ஏற்றிருக்கலாம். அங்ஙனமாயின் இப்பெயர் அவர்களை விழுங்கியதன்று. வழிவழியாகக் கையளிக்கப்பட்ட உடைமை.

இரண்டில் எது உண்மையாயினும் நம் கடமை ஒன்றே. இனி நம் அவையில் ‘ஔவை பாடினார்’ என்று தொடங்கும்போது எந்த ஔவை, எந்தக் காலத்து ஔவை என்று ஒரு சொல் சேர்த்துக் கூறுவோம். பாட்டி என்று வணங்கிய நாம், புலவர் என்று அவர்களைத் தனித்தனியே அறிந்துகொள்வதே அப்பெயருக்குச் செய்யும் சிறப்பு.