காலம்: அளவையும் இயற்கையும்

நிகழ்ச்சிகளை முன், பின் என வரிசைப்படுத்துவதும் அவற்றின் இடைவெளியை அளக்க இடம் தருவதும் காலம். அது உலகத்தோடு பிறந்ததா, மனிதர் தம் கணக்குக்கு வகுத்துக்கொண்டதா என்ற விவாதம் மிகப் பழையது. அளவுகோலையும் அளக்கப்படும் பொருளையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள தென்காசி மாவட்டத்து ராயகிரியில், ஆண்டின் எந்த நாளிலும் பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. இந்தியப் பொது நேரம் கிழக்கு 82.5 பாகைக் கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது; ராயகிரியோ ஏறத்தாழ 77.4 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் உச்சிப்பொழுது சராசரியாக 20 நிமிடம் தள்ளிப்போகிறது. பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்துகொள்வதால் அது நவம்பர் தொடக்கத்தில் 12.04 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.34 அளவிலும் நேர்கிறது. நிழல் மிகக் குறுகும் அந்தக் கணம் யாருடைய ஏற்பாடும் அன்று. அதற்கு இடும் எண்தான் நம்முடையது.

தமிழ் மரபு இந்த வேறுபாட்டை அறிந்தே இருந்தது. தொல்காப்பியம் பொழுதை நிலத்தோடு சேர்த்து முதற்பொருளாக வைக்கிறது. மாவும் மரமும் தொழிலும் அதற்குப் பின்வரும் கருப்பொருள்கள். பொழுதை இத்தனை உயரத்தில் வைத்த இலக்கணம் வியப்புக்குரியது. அளவை வேறு வழியில் வளர்ந்தது. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். நீர்க்கடிகையான நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்வோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது.

ஆண்டுக்கணக்கில் மனிதரின் கை இன்னும் தெளிவாகத் தெரியும். கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு கேரளத்திலும் திருநெல்வேலிச் சீமையிலும் வழங்கியது. வட மலபாரில் அது கன்னி மாதத்தில் பிறந்தது. நெல்லையில் ஒரு மாதம் முன்னதாக, ஆவணியிலேயே பிறந்துவிடும். சூரியன் ஒன்றே; புத்தாண்டு இரண்டு.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தின் கணிப்பிலிருந்து வந்த சென்னை நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. இந்திய ரயில்கள் நெடுங்காலம் அதன்படியே ஓடின. 1906 ஜனவரி 1 அன்று பொது நேரம் நடப்புக்கு வந்தபோது, ஓர் ஆணையால் சென்னைக் கடிகாரங்கள் சுமார் 9 நிமிடம் முன்னே நகர்ந்தன. வானில் எதுவும் மாறவில்லை.

ஐரோப்பாவில் நியூட்டன் 1687இல், எதையும் சாராமல் சீராக ஓடும் தனிக்காலம் உண்டு என்றார். லைப்னிட்ஸ் அதை மறுத்து, நிகழ்ச்சிகளின் வரிசைமுறைதான் காலம் என்றார். கான்ட்டுக்கு அது மனித அறிவு உலகை உணரும் வடிவம்.

ஐன்ஸ்டைன் 1905இலும் 1915இலும் வழக்கையே மாற்றிவிட்டார். வேகமும் ஈர்ப்பும் காலத்தின் ஓட்டத்தை மாற்றும் என்றால், அது வெறும் மனக்கணக்காக இருக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான ஒரே ஓட்டமாகவும் இருக்க முடியாது. 1971இல் ஹாஃபெலேயும் கீட்டிங்கும் சீசியம் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தனர். கிழக்கே சென்றவை தரைக் கடிகாரத்தைவிடச் சுமார் 59 நானோநொடி பின்தங்கின. மேற்கே சென்றவை சுமார் 273 நானோநொடி முந்தின. இதே விதிப்படி, 1,868 மீட்டர் உயர அகத்தியமலை உச்சியில் ஓர் அணுக்கடிகாரத்தை வைத்தால், திருச்செந்தூர்க் கடற்கரையில் இருப்பதைவிட நாளொன்றுக்குச் சுமார் 18 நானோநொடி முந்தும். கண்ணுக்குத் தெரியாத இத்தகைய வேறுபாட்டைத் திருத்தாமல் செயற்கைக்கோள் வழிகாட்டிகள் இயங்க முடியாது.

தீராதது காலத்தின் திசை. அடிப்படை இயக்க விதிகளில் பெரும்பாலானவை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒன்றுபோலப் பொருந்தும். ஆனால் குற்றால அருவி மலையேறுவதில்லை. துகள்களின் ஒழுங்கின்மை பெருகுவதே காரணம் என்று போல்ட்ஸ்மான் விளக்கினார். ஒழுங்கு தொடக்கத்தில் அவ்வளவு மிகுந்திருந்தது ஏன் என்பது இன்றும் ஆராயப்படுகிறது. ஈர்ப்பையும் குவாண்டம் கொள்கையையும் இணைக்க 1967இல் வெளிவந்த வீலர்–டிவிட் சமன்பாட்டில் காலம் என்ற மாறியே இல்லை. அது எங்கிருந்து தோன்றுகிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் உடன்படவில்லை.