ராண்டோவும் பல்லவியும்

ராண்டோவைப் பல்லவி என்று சொல்லிவிட்டு மேலே போவது நமக்கு வசதியாக இருக்கிறது. நானும் அப்படிச் சொல்லி வந்தவன்தான். கீழ்க்கட்டளையில், என் அறையில், ஹைடனின் 88ஆம் ஸிம்ஃபனியின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் அந்த வசதி குலைந்துபோயிற்று.

வெளித்தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. ஒரு மெட்டு, விலகல், அதே மெட்டு, வேறு விலகல், மறுபடி அதே மெட்டு. அனுபல்லவிக்குப் பின்னும் சரணத்துக்குப் பின்னும் பல்லவி வருகிற மாதிரி. தியாகராஜரின் பல கீர்த்தனைகளில் சரணத்தின் பிற்பகுதி அனுபல்லவியின் மெட்டையே எடுத்துக்கொள்வதை இந்த ஒப்பீடு கவனிப்பதில்லை, அது போகட்டும். முக்கியமான பேதம் வேறு.

ஹைடனில் விலகல் என்பது ஆதார ஸ்வரமே இடம் பெயர்வது. ஜி மேஜரில் தொடங்கிய இசை பஞ்சமத்தைப் புதிய ஸட்ஜமாக்கிக்கொள்கிறது. பின்னர் மேல்தந்திகளும் கீழ்த்தந்திகளும் அதே மெட்டைக் கொண்டு ஒன்றையொன்று துரத்துகின்றன. ஓசை ஒடுங்குகிறது. மெட்டின் முதல் ஸ்வரங்கள் மட்டும் தயங்கித் தயங்கி ஒலிக்கின்றன. வந்துவிட்டது என்று நினைக்கிறோம், வரவில்லை. கடைசியில் வரும்போது சிரித்துவிடுகிறோம். வீட்டைவிட்டு வெகுதூரம் போனவனால்தான் இந்த வேடிக்கையைச் செய்ய முடியும்.

கீர்த்தனையில் தம்புரா நகர்வதேயில்லை. ஆகவே பல்லவி வீடு திரும்புவதல்ல. இருந்த இடத்தையே, சங்கதிக்குச் சங்கதி, இன்னும் கூர்ந்து பார்ப்பது.

இந்த ஸிம்ஃபனி 1787இல் எழுதப்பட்டது. முத்துஸ்வாமி தீட்சிதருக்கு அப்போது 12 வயது. பிறகு சென்னைக்கு வடக்கே மணலியில் வசித்த காலத்தில் கம்பெனியாரின் பாண்டு வாத்தியம் அவர் காதுக்கு எட்டியது. தம்பி பாலுஸ்வாமி வயலின் கற்றார். சுமார் 40 நோட்டுஸ்வர ஸாஹித்யங்கள் பிறந்தன. 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டு. சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்குள் அடங்கிய சிறு மெட்டுகள் வந்தன, வயலின் வந்து நிலைத்தது. ஆதார ஸ்வரம் பெயரும் உருவம் வரவில்லை. அசையாத சுருதியின் மேல் அதற்கு வேலையில்லை.

ஸிம்ஃபனி நமக்கு வாய்க்காதது குறை என்று வருந்துகிறவரும், ராண்டோ எங்களிடம் ஏற்கனவே இருந்தது என்று மார்தட்டுகிறவரும் செய்வது ஒரே தவறு. இருவரும் உருவத்தைக் காலிப் பாத்திரமாக நினைக்கிறார்கள். நாவலைப் பற்றியும் நாம் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். தீட்சிதருக்கு இந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. எது தன் சுருதியில் நிற்குமோ அதை எடுத்துக்கொண்டார்.