பியூஸ் ஏன் எரியவில்லை?



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக்கு வெளிச்சம் தந்தது ஒரேயொரு மின்னியந்திரம். ஒரு மழை இரவில், கடைசி லயத்துக்குச் செல்லும் இரண்டு கம்பிகள் காற்றில் மோதி ஒட்டிக்கொண்டன. பொறி பறந்தது, விளக்குகள் மங்கின, இயந்திரம் முனகியது. பியூஸ் மட்டும் எரியவில்லை. அதன் காரணம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

1894-இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க, லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்சாரத்தைக் கொண்டுவந்தனர். மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கம் அதுவே என்பர். தனித்து ஓடும் சிறிய இயந்திரத்தில் கம்பிகள் முட்டிக்கொண்டால், வழக்கமான ஓட்டத்தைப்போல் சில மடங்கு கணநேரம் பாயும்; பிறகு தளர்ந்துவிடும்.

1927-இல் பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. பத்து ஆராங் நிலக்கரி அதற்கு இரை. 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953-இல் கிள்ளானில் கோனாட் பிரிட்ஜ் நிலையம் திறக்கப்பட்டது. இரண்டு நிலையங்களையும் 66,000 வோல்ட் கம்பித் தடம் இணைத்தது. ஒன்று நின்றால் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால் எங்கேனும் பழுது நேர்ந்தால், இரண்டும் சேர்ந்தே அங்கு மின்சாரத்தைக் கொட்டும். பழைய சுவிட்சுகள் அதைத் துண்டிக்க முடியாமல் வெடித்தால், அருகில் நிற்கும் தொழிலாளியின் கதி என்ன?

ஆகவே முன்கூட்டியே கணக்கிட வேண்டியதாயிற்று. கணக்கு என்றதும் வானொலியை மூடிவிடாதீர்கள். இது ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

கடைத்தெருவுக்கு மின்சாரம் தரும் 1,000 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 11,000 வோல்ட் உள்ளே வருகிறது; 400 வோல்ட் வெளியே போகிறது. அதன் முழு ஓட்டம் சுமார் 1,440 ஆம்பியர். பெயர்த்தகட்டில் மின்னெதிர்ப்பு 5 விழுக்காடு என்றிருந்தால் பொருள் இதுதான்: வெளிமுனைகளை ஒன்றாகக் கட்டிவிட்டு, உள்ளே 11,000-க்குப் பதில் 550 வோல்ட் கொடுத்தாலே முழு ஓட்டம் பாயும். முழு அழுத்தமும் கொடுத்தால் 20 மடங்கு, அதாவது சுமார் 28,800 ஆம்பியர் பாயும்!

நாட்டின் மின்வலை எவ்வளவு பெருத்தாலும் அந்த மின்மாற்றி அதற்குமேல் விடாது. மின்வலை வலுக்குறைந்திருந்தால் தொகை சற்று இறங்கும். முனையருகே உள்ள சுவிட்சு இந்தப் பெருந்தொகையைத் தாங்கவேண்டும்.

தெருக்கோடியில் கதையே வேறு. போய்வரும் கம்பியின் எதிர்ப்பு மொத்தம் ஓர் ஓம் என்றால், 230 வோல்ட்டில் 230 ஆம்பியர்தான் பாயும். 100 ஆம்பியர் பியூஸ் அதற்கு உடனே எரியாது. அதுவரை கம்பி காய்ந்துகொண்டே இருக்கும். பெரிய ஓட்டத்தைக் கண்டு அஞ்சுகிறோம். என்னைக் கேட்டால், இந்தச் சிறிய ஓட்டம்தான் வஞ்சகன். அதனால்தான் பொறியாளர்கள் மின்மாற்றியின் வாசலில் ஒரு கணக்கும், கடைசி வீட்டில் மற்றொரு கணக்கும் போடுகிறார்கள்.

எங்கள் தோட்டத்திலோ இயந்திரமும் சிறிது, கம்பியும் நீளம். அன்றிரவு யாரோ மழையில் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்ன பிறகுதான் பொறி அடங்கியது.