விற்றவர் பின்வாங்கும் வாயில்: சபரகமுவ மண்ணில் வாக்கும் எழுத்தும்

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சபரகமுவ, 1889 ஆம் ஆண்டிலே மேல் மாகாணத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தனி மாகாணமாயிற்று. அதன் நிலத்தடியில் மாணிக்கமும், நிலத்தின் மேல் தேயிலையும் இறப்பரும் விளைந்தன. நிலம், தேயிலை, மாணிக்கம் ஆகிய மூன்றுமே ஏலத்தில் விலைபோகும் பொருள்கள். ஆயின், இம்மூன்றின் விற்பனையும் ஒரே கணத்தில் முடிவடைவதில்லை. தேயிலைக்கு ஏலச் சுத்தியல் விழுவதே முடிவு. நிலத்துக்கு நொத்தாரிசின் கையெழுத்து. மாணிக்கத்துக்கோ கைகள் பற்றிக்கொண்ட ஒரு துணியின் மறைவு. விலை பேசி முடிந்தபின் 'விற்க மாட்டேன்' என்று விற்றவர் பின்வாங்கினால் வாங்கியவர் யாது செய்யலாம் என்னும் வினாவுக்கு, இம்மாகாணத்தின் வரலாறு பொருளுக்கொரு விடையாக மூன்று விடைகளை வைத்திருக்கின்றது. இணையவழி ஏலத்தில் விற்றுவிட்டுக் கைவிரிப்போரைப் பற்றி உலகெங்கும் வழக்குகள் எழுந்துள்ள இந்நாளில், அவ்விடைகள் பழங்கதை அல்ல.

நிலத்திலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும். பிரித்தானிய ஆட்சியில் முடிக்குரிய காணிகள் பெருமளவிற்குத் தோட்டக்காரர் கைக்கு மாறிய காலம் 1840 களின் தொடக்கமாகும். ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்கு விலைபோயிற்று. 1844 இல் அவ்விலை ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. அரசாங்கத்தின் உயர் அலுவலரே காணி வாங்கிக் கோப்பி பயிரிட்ட காலம் அது. அக்காலத்திலேதான் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பிறந்தது. மோசடிகளைத் தடுத்தல் அதன் நோக்கம். அதன் இரண்டாம் பிரிவு, காணி விற்பனை எதுவாயினும், விற்பதாகக் கூறும் உடன்பாடு எதுவாயினும், எழுத்தில் அமைந்து, உரிமம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையிலும் ஒரே வேளையில் உடனிருக்கும் இரண்டு அல்லது மேற்பட்ட சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட்டாலன்றிச் சட்டத்தில் வலுவற்றது என விதித்தது.

இவ்விதியின் விளைவு வியப்புக்குரியது. தோட்டமொன்றின் பங்கு ஏலங் கூறப்படுகின்றது, ஒருவர் கூடிய விலை கேட்கின்றார், சுத்தியல் விழுகின்றது, முற்பணமும் கைமாறுகின்றது. மறுநாள் வேறொருவர் அதனினும் கூடிய விலையுடன் வருகின்றார். விற்பவர் நொத்தாரிசின் அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாற் போதும். கொடுத்த முற்பணத்தைத் திரும்பக் கேட்கலாமேயன்றி, காணியைத் தருமாறு நீதிமன்றத்தில் வற்புறுத்த வாங்கியவருக்கு வழியில்லை. மோசடியைத் தடுக்க எழுந்த சட்டமே வாக்குத் தவறுவோருக்கு வாயிலொன்றைத் திறந்து வைத்தது. அரசாங்கம் ஒரு தரப்பாயிருந்த விற்பனைகளுக்கு இவ்விதி பொருந்தவில்லை என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. தன் வாக்குக்கு நொத்தாரிசு தேவையில்லை என அரசு கருதியது போலும்.

இதனால் அச்சட்டத்தை அறிவீனம் எனத் தள்ளிவிடலாகாது. எழுத்தறிவு குறைந்து, எல்லைகள் அளக்கப்படாது, உரிமை யாவும் சாட்சிகளின் நாவிலே தங்கியிருந்த நாட்டில், 'இவர் எனக்கு விற்றார்' என்று இரு பொய்ச்சாட்சிகளை நிறுத்தி ஏழைக் குடியானவனின் தோட்டத்தைப் பறித்துக்கொள்வது எளிது. அந்தப் பெருந்தீமையைத் தடுக்க, பின்வாங்கும் விற்பனையாளரை விட்டுவைத்தல் என்னும் சிறு தீமையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அச்சிறு தீமையின் சுமை யார் தோளில் ஏறியது என்பதே எஞ்சிய கேள்வி.

கோப்பி இலைநோய் 1869 இல் தோன்றிப் பதினைந்து ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. கடனில் மூழ்கிய தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விற்பனைக்கு வந்தன. துரை மாறினார், அடைமானம் பெற்றவர் மாறினார், விற்பனை முடிந்ததா முறிந்ததா என்பது தோட்டத்திலிருப்போர்க்குத் தெரியவில்லை. தமிழகத்திலிருந்து வந்து அத்தோட்டங்களில் உழைத்த மக்களுக்கோ பல மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது. பழைய துரை 'விற்றுவிட்டேன்' என்பார். புதியவர் 'உறுதி இன்னும் எழுதப்படவில்லை' என்பார். இந்நிலையிலேதான் 1884 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தொழிலாளரின் சம்பளத்தைத் தோட்டத்தின் மீதே முதற்பொறுப்பாக ஏற்றியது. உடைமையாளர் யாராயினும் சம்பளக் கடன் மண்ணைப் பற்றி நிற்கும் என்பது இதன் கருத்து. விற்பவரும் வாங்குபவரும் ஆடும் ஆட்டத்துக்கு வெளியே நின்றவர்களையும் அந்த ஆட்டம் தாக்குகின்றது எனச் சட்டம் ஒருமுறையேனும் ஒப்புக்கொண்டது.

விற்பவரை விடுவித்தது எழுத்தின் இன்மை என்றால், உழைப்பவரைக் கட்டியது எழுத்தின் இருப்பாகும். தோட்டப்புறங்களில் 'துண்டு' என வழங்கிய சிறு தாளே இதற்குச் சான்று. கங்காணியின் ஆட்கள் இத்தனை பேரை, இவ்வளவு கடனைத் தீர்த்தால் விடுவிக்க இசைகின்றேன் என்று துரை எழுதிக்கொடுப்பதே துண்டு. அதனைக் கையிற்கொண்டு கங்காணி தோட்டந்தோறும் சென்று, கூடிய முற்பணம் தருபவரைத் தேடினான். பெயரளவில் அது விடுதலைச் சீட்டு. நடைமுறையில் ஆட்களின் மீது கூறப்பட்ட ஏலம். முற்பணம் ஏறியபோதெல்லாம் கடனும் ஏறிற்று. கடன் முழுவதும் இறுதியில் தொழிலாளர் தலையிலேயே விடிந்தது. ஒரு தோட்டத்தில் முற்பணம் பெற்று மறு தோட்டத்துக்கு நழுவிய கங்காணிகளைப் பற்றித் தோட்டக்காரர் ஓயாது முறையிட்டனர். நொத்தாரிசும் இல்லாத, இரு சாட்சிகளும் இல்லாத அத்தாள் ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கிற் கட்டிவைத்தது. ஓர் ஏக்கர் காணியையோ அதனாற் கட்டியிருக்க முடியாது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

இனித் தேயிலைக்கு வருவோம். கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் 1883 யூலை 30 ஆந் திகதி சொமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் நடைபெற்றது. 1894 இல் கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் அமைந்தபின் ஏலத்தின் ஒழுங்குகள் உறுதிப்பட்டன. 1679 இல் தொடங்கிய இலண்டன் ஏலம் 1998 யூன் 29 இல் மூடப்பட்டது. கொழும்பு ஏலமோ இன்றும் நடைபெறுகின்றது. சபரகமுவவின் தாழ்நிலத் தேயிலையும் அங்கேதான் விலை காண்கின்றது.

அங்கு ஆள்வது வேறொரு சட்டம்: 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம். ஆங்கிலேயரின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றிய இது, சுத்தியல் விழுவதாலோ வழக்கமான வேறு முறையாலோ ஏலக்காரர் அறிவிக்கும்போது விற்பனை முற்றுப்பெறுகின்றது என்றது. அதுவரை கேட்டவர் தம் கேள்வியை மீட்டுக்கொள்ளலாம். இவ்விதியின் வேர் 1789 இல் இலண்டனில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு. மதுவடிக்கும் கருவியொன்றுக்கு நாற்பது பவுண் கேட்ட ஒருவர், சுத்தியல் விழுமுன் மனம் மாறினார். அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிமன்றம் கூறிற்று. அதே நியாயம் விற்பவருக்கும் உண்டு: விலை போதாதெனக் கண்டால் சுத்தியலுக்கு முன் தன் தேயிலைத் தொகுதியை மீட்டுக்கொள்ளலாம். சுத்தியல் விழுந்த பின்னரோ இருவருக்கும் வாயில் அடைபடும். தரகரின் குறிப்பேடு எழுத்துச் சான்றாகி, பின்வாங்குவோரைப் பிடித்து நிறுத்தும்.

இந்தத் தெளிவு தொழிற்சாலை உடைமையாளரோடு நின்றுவிடுகின்றது. நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்காற்பங்கு இன்று சிறுதோட்ட உடைமையாளரிடமிருந்தே வருகின்றது; இரத்தினபுரி மாவட்டம் அவர்கள் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்று. கொழுந்து பறித்த நாளிலேயே தொழிற்சாலைக்குச் சென்றாக வேண்டும்; மறுநாள் அது குப்பை. அதன் விலையோ அம்மாதத்து ஏலச் சராசரியைக் கொண்டு, வருவாயில் நூற்றுக்கு 68 கொழுந்து தந்தவருக்கும் 32 தொழிற்சாலைக்கும் என்னும் விகிதத்திற் பின்னரே கணிக்கப்படும். ஏலத்துக்கு முன் தொகுதியை மீட்டுக்கொள்ளும் உரிமை தொழிற்சாலைக்கு உண்டு. விலை அறியுமுன்னே பொருளைக் கொடுத்துவிட்ட கொழுந்துக்காரருக்குப் பின்வாங்க எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

மாணிக்க வணிகம் இவை இரண்டினும் வேறுபட்டது, பழமையும் மிக்கது. இரத்தினபுரிக் கடைத்தெருவில் விற்பவரும் வாங்குபவரும் துணியொன்றின் கீழ்க் கைகோத்து, விரல்களை அழுத்தி விலை பேசும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. சுற்றி நிற்போர்க்கு விலை தெரியாது. பேசிய இருவருக்கு மட்டுமே தெரியும். சட்டத்தின் கண்ணில் மாணிக்கம் அசையும் பொருளே. ஆகவே 1896 ஆம் ஆண்டுச் சட்டமே அதனையும் ஆள்கின்றது. அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவோ, வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையேனும் ஏற்றுப் பெற்றிருந்தாலன்றி, விலையையோ அதில் ஒரு பகுதியையோ செலுத்தியிருந்தாலன்றி, ஒப்பமிட்ட குறிப்பொன்று இருந்தாலன்றி, அவ்வுடன்பாட்டை வழக்காட முடியாது என்கின்றது. துணிக்கடியில் முடிந்த பேச்சுக்கு இம்மூன்றில் எதுவும் இல்லை. அச்சாரம் கைமாறும் வரை விற்பவர் கல்லை மடியிற் கட்டிக்கொண்டு எழுந்து போகலாம், சட்டம் தடுக்காது.

ஆனால், கடைத்தெரு தடுத்தது. விலை ஒப்பியபின் கல்லைத் தராதவரிடம் மறுமுறை தரகர் எவரும் செல்வதில்லை. எழுத்தில்லாத இவ்வணிகம் நூற்றாண்டுகளாக நிலைத்தமைக்கு இதுவே காரணம். நீதிமன்றத்தினும் ஊர்ப்பேச்சு அங்கு வலியது. பின்வாங்குதல் எப்போதும் வஞ்சகம் என்று கொள்வதும் தவறு. மாணிக்கக் குழியிற் காணி உடையவர், உரிமம் பெற்றவர், நீரிறைக்கும் பொறி தந்தவர், இல்லம் எனப்படும் கல்மணலைத் தோண்டி அரித்தவர் எனப் பங்காளர் பலர். ஒருவர் ஒப்பிய விலையை மற்றொருவர் ஒப்பாவிட்டால் விற்பனை நின்றுவிடும். 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும், 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையும் அமைந்து உரிமங்களை ஒழுங்குபடுத்தின; பங்காளர் மனத்தை ஒழுங்குபடுத்தச் சட்டத்தால் இயலவில்லை. ஓடையிற் கல்லெடுத்து உரிமமின்றி விற்கும் தோட்டத் தொழிலாளிக்கோ ஊர்ப்பேச்சின் காவலும் இல்லை. அவன் தன் வாக்கை மீறினாலும், வாங்கியவன் அவனுக்குரிய பணத்தை மறுத்தாலும், முறையிடச் சென்றால் முதலில் அகப்படுபவன் அவனே.

சந்தை கண்ணாடித் திரைக்கு மாறியபோது பழைய வினாவும் உடன் சென்றது. 2006 இல் அவுஸ்திரேலியாவில் ஒருவர் இரண்டாம் உலகப்போர்க் கால விமானமொன்றை ஈபே இணையத்தளத்தில் ஏலத்துக்கு விட்டார். குறைந்தபட்ச விலையாகிய 150,000 டொலருக்கு ஒருவர் கேட்க, ஏலம் முடிந்தது. அதைவிட ஓரிலட்சம் டொலர் கூடுதலாகத் தர வேறொருவர் இருந்தமையால் விற்பவர் மறுத்தார். ஏலநேரம் முடிவதே இங்குச் சுத்தியல் விழுவதற்கு ஒப்பு எனக் கண்ட நியூ சவுத் வேல்ஸ் உயர் நீதிமன்றம், 2007 இல் விமானத்தை ஒப்படைக்குமாறு பணித்தது. சிங்கப்பூரிலோ விடை மாறிற்று. 2003 சனவரியில் 3,854 டொலர் பெறுமதியான அச்சுப்பொறிகள் தவறுதலாக 66 டொலர் என இணையத்தில் விலைகுறிக்கப்பட்டன. ஆறு பேர் மட்டும் 1,606 பொறிகளுக்குக் கட்டளையிட்டனர். விலை தவறென அறிந்தே வாங்க முற்பட்டோர் விற்பவரைக் கட்டுப்படுத்த முடியாது என்று 2004 இலும், மேன்முறையீட்டில் 2005 இலும் தீர்க்கப்பட்டது. பேராசையாற் பின்வாங்குபவரையும் பிழையாற் பின்வாங்குபவரையும் இவ்விரு தீர்ப்புகளும் வேறுபிரித்தன. இரத்தினபுரித் தரகர்களும் நெடுங்காலமாக அவ்வேறுபாட்டை அறிவர்.

கொழும்புத் தேயிலை ஏலமும் கொள்ளைநோய்க் காலமாகிய 2020 ஏப்பிரலில் இணையவழிக்கு மாறியது. கூவி விலை கேட்ட மண்டபம் வெறுமையாயிற்று. சபரகமுவத் தேயிலை திரையில் விலைபோகத் தொடங்கிற்று. இத்தகைய கொடுக்கல் வாங்கல்களுக்கு 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வலுத் தந்துள்ளது. ஆனால், அதே சட்டம் அசைவற்ற ஆதன விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றது. தேயிலைத் தொகுதியொன்றைத் திரையில் வாங்கியவர் அன்றே அதற்கு உரித்தாளராகலாம். அத்தேயிலை வளர்ந்த காணித்துண்டைத் திரையில் ஏலங்கேட்டு வென்றவரோ, 1840 இற் கோப்பித் தோட்டம் கேட்டவரைப் போலவே, விற்பவர் நொத்தாரிசின் படியேறுவாரா என்று காத்திருக்க வேண்டியவராகின்றார்.